‘உனக்கென்று ஒரு பாணி’ என்று சொல்லிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு தந்தை எழுதிய கடிதத்தை வாசித்தேன். மகள் இரண்டு வருடமாகச் சல்சா நடன வகுப்புக்குப் போகிறாள், மாதா மாதம் காசு கட்டுகிறார், இப்போது மாஸ்டர் "இனி உனக்கென்று ஒரு பாணியை வளர்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டாராம், எப்படி வளர்ப்பது என்று கேட்டால் "அது தானாக வரும்" என்கிறாராம். தானாக வருவதற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும் என்று அந்த ஐயா கேட்டிருந்தார். வாசித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பதினைந்து வருடமாக நானும் மற்றவர்களிடம் கேட்டு, சரியான பதில் கிடைக்காமல், கடைசியில் விழுந்து எழும்பி நானே கொஞ்சம் கண்டுபிடித்த விஷயம் அது.

நான் மாஸ்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பது வெள்ளவத்தையில், சொந்த ஊர் மட்டக்களப்பு, ஒரு வங்கியில் வேலை, வயது 52. முதன்முதலாகச் சல்சா வகுப்புக்குள் கால் வைத்தது 37 வயதில், அதுவும் ஒரு சிநேகிதி தனியாகப் போகப் பயந்து என்னை இழுத்துக்கொண்டு போனதால். அவள் மூன்றாவது கிழமை நின்றுவிட்டாள், நான் நிற்கவில்லை. இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் புதிதாக வருகிறவர்களின் வகுப்பொன்றில் உதவிக்கு நிற்கிறேன். சம்பளம் கிடையாது, தேத்தண்ணி உண்டு.

இந்த நடனத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மேடையில் ஆடுவது இல்லை, கலியாண வரவேற்பில் ஒரு மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆடுகிறார்களே, அதுவும் இல்லை. ஒரு ஹோலில் பாட்டுப் போடுவார்கள், முன்பின் தெரியாத ஒருவர் வந்து கை நீட்டுவார், நான்கு நிமிடம் ஆடுவோம், பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிப் பிரிந்து அடுத்தவரோடு ஆடுவோம். ஒருவர் லீட் பண்ணுவார், அதாவது ஆட்டத்தை நடத்துவார், மற்றவர் ஃபொலோ பண்ணுவார், அதாவது அதற்கேற்ப ஆடுவார், அடுத்த அடி என்னவென்று இரண்டு பேருக்குமே முன்கூட்டித் தெரியாது. சல்சா, பச்சாட்டா, டாங்கோ எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. பாணியை ஒத்திகை பார்த்து ஒட்டிக்கொண்டு போக முடியாததற்கும் இதுதான் காரணம்.

"தானாக வரும்" என்பது முழுப்பொய் இல்லை, அரைப்பொய். தமிழில் எங்களுக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: நடை. காலால் நடப்பதும் நடை, எழுதுகிறவருடைய மொழியும் நடை, தவில்காரர் திஸ்ரம் சதுஸ்ரம் என்று மாற்றுவதும் நடை. நான் வகுப்பில் ‘ஸ்டைல்’ என்ற சொல்லை இயன்றவரை தவிர்ப்பேன், அதைச் சொன்னதும் பிள்ளைகள் கையைத் தூக்கப் பார்ப்பார்கள். நடை என்றால் காலைப் பார்ப்பார்கள். வீட்டு வாசலில் இருந்துகொண்டு, ஒழுங்கையின் தொங்கலில் இருட்டில் வருகிறவரை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். அந்த நடையை அவருக்கு ஒருத்தரும் படிப்பிக்கவில்லை. அந்த அளவுக்கு அது தானாக வந்ததுதான். ஆனால் அதே ஆள் வகுப்புக்கு வந்து "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணத் தொடங்கியதும் அந்த நடை எங்கே போகிறது? அதைக் காப்பாற்றி ஆட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் படிப்பிக்க வேண்டிய பகுதி, காசு கட்டுவது அதற்குத்தான்.

எங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. எல்லோரும் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடி நிற்பார்கள், ஒருவர் மட்டும் அடிப்படை அடி (பேசிக் ஸ்டெப்) போட்டபடி பின்னால் போவார், காலடிச் சத்தத்தை வைத்து யாரென்று சொல்ல வேண்டும். முதல் நாள் ஒருவருக்கும் பிடிபடாது. நாலாவது கிழமை பாதிப் பேருக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஒருவர் குதியை முதலில் வைக்கிறார், ஒருவர் மூன்றாவது அடியைக் கொஞ்சம் இழுக்கிறார், ஒருவர் காலைத் தூக்காமல் தரையோடு உரசுகிறார். அவரவருக்கே தெரியாமல் இருந்த விஷயம் மற்றவர் வாயால் கேட்டதும் பிடிபடும். "நான் இழுக்கிறேனா?" என்று கேட்பார்கள். ஓம், இழுக்கிறாய், அதை விட்டுவிடாதே.

இதற்கு நேர்மாறாக எனக்கு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன் நான் போன ஒரு வகுப்பில் (பெயர் வேண்டாம்) பெண்களுக்கு மட்டும் என்று ஸ்டைலிங் பயிற்சி வைத்தார்கள். சல்சாவை எட்டு எட்டாக எண்ணுவோம், அதில் ஐந்தாவது எண்ணிக்கையில் வலது கையைத் தூக்கி, தலைமயிரைக் கோதுவது போல் இறக்க வேண்டும். பதினாறு பெண்கள், பதினாறு கைகள், எல்லாம் ஐந்தாவது எண்ணிக்கையில், அலாரிப்புக்கு நிற்கிற சின்னப் பிள்ளைகள் மாதிரி. அடுத்த கிழமை ஒரு ஹோலில் சோஷல், மேலே சொன்னேனே, முன்பின் தெரியாதவர்களோடு ஆடுகிற அந்தக் கூடல். எட்டு ஜோடி ஆடுகிற இடத்தில் இருபது ஜோடி. பாட்டில் ஐந்து வந்ததும் எங்கள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினோம். அதில் ஒரு முழங்கை ஒரு பெடியனின் மூக்கில் பட்டு, அவருடைய கண்ணாடி நிலத்தில் விழுந்து உடைந்தது. அந்த முழங்கை என்னுடையது. அந்தக் கை அசைவு எங்கே பொருந்தும், எப்போது இடம் இருக்கும், எதிரில் நிற்பவர் எவ்வளவு உயரம் என்று ஒரு சொல்லும் அந்த வகுப்பில் சொல்லித் தரவில்லை. அழகாக இருக்கிறது, செய்யுங்கள், அவ்வளவுதான். கண்ணாடிக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு அங்கிள் வருகிறார், அறுபது தாண்டியவர். கலியாண வீட்டில் பைலா, எங்கள் நாட்டுத் துள்ளல் பாட்டு, போட்டால் அவரைப் பார்க்க வேண்டும். பைலாவின் ஆறெட்டுத் தாளத்துக்கு இடது தோள் மட்டும் ஒரு கணம் பிந்தி வரும், அந்தப் பிந்தலில்தான் முழு ஆளும் இருக்கிறார். ஒருவரும் படிப்பிக்கவில்லை, ஒருவரும் திருத்தவும் இல்லை. அதே அங்கிள் சல்சா வகுப்பின் முதல் நாள் மரக்கட்டை. முகம் பரீட்சை மண்டபத்தில் இருக்கிற முகம். நான் போய் "அங்கிள், பைலாவில் அந்தத் தோளை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "எந்தத் தோள்?" என்றார். சரி, பைலாப் பாட்டு ஒன்றைப் போட்டு ஆடச் சொன்னேன், தோள் வந்தது. பாட்டை நிறுத்தாமல் சத்தத்தை மட்டும் குறைத்துச் சல்சாவுக்கு மாற்றினோம், தோள் அரை நிமிடம் நின்று பிறகு போய்விட்டது. ஆனால் அந்த அரை நிமிடம் எங்களுக்குப் போதும். அடுத்த கிழமை ஒரு நிமிடம். இப்போது அவரோடு ஆடுவதற்குப் பெண்கள் காத்திருக்கிறார்கள், வாத்தியாரைவிட அவருக்குத்தான் வரிசை.

பைலா என்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வரும். மட்டக்களப்பில் எங்கள் வீட்டுக்குக் கிட்டப் பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தவர்கள்) குடும்பங்கள் இருந்தன. அவர்களின் கலியாண வீட்டில் வயலின் வாசிப்பார்கள், கஃபிரிஞ்ஞா ஆடுவார்கள், போர்த்துக்கீசர் விட்டுப்போன ஜோடி நடனம். சின்னப் பிள்ளையாக நான் வேலிக்கு மேலால் பார்த்ததுதான் என் வாழ்க்கையில் முதல் ஜோடி நடனம். எல்லோருக்கும் ஒரே அடிதான். ஆனாலும் ஒரு அம்மா பாவாடையைப் பிடிக்கிற விதம் ஒரு மாதிரி, அவருடைய மச்சாள் பிடிக்கிற விதம் வேறு மாதிரி. ஜோடி நடனம் எங்கள் ஆட்களுக்கு அந்நியம் என்று உங்கள் பக்கத்தில் சிலர் அவ்வப்போது எழுதுகிறார்கள். இந்த நாட்டில் தமிழ் பேசுகிற ஊர் ஒன்றிலேயே தலைமுறை தலைமுறையாக ஆடிய நடனம் அது. அந்தச் சண்டைக்குள் இப்போது நான் போகவில்லை.

பாணிகள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால், பெரிய ஆட்களுக்கும் அது சுலபமாக வரவில்லை. நியூயோர்க்கின் ஹார்லமில் சவோய் என்று ஒரு நடன மண்டபம், 1926இல் திறந்தது, 1958இல் மூடினார்கள். லிண்டி ஹொப் என்ற நடனம் வளர்ந்த இடம் அது. அங்கே பெயர் எடுத்தவர் ஃப்ராங்கி மானிங். சின்ன வயதில் அவருடைய தாயே "நீ விறைப்பாக இருக்கிறாய், உனக்கு ஆட்டம் வராது" என்று சொல்லிவிட்டாராம். பெடியன் அறைக்குள் போய்த் தும்புத்தடியையும் கதிரையையும் ஜோடியாக வைத்து ஆடிப் பழகியிருக்கிறார். பிறகு அவர் செய்தது என்ன? மற்றவர்கள் பால்ரூம் என்ற ஐரோப்பிய ஜோடி நடனம் ஆடுகிறவர்கள் மாதிரி நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்த நேரம், இவர் ஓட்டப்பந்தயக்காரன் போல் இடுப்பில் மடிந்து முன்னால் சாய்ந்தார், அவ்வளவுதான். காலடி அதே காலடி. உடம்பின் கோணம் ஒன்றை மாற்றியதில் நடனத்தின் முகமே மாறியது. 1935இல் ஜோடியை முதுகுக்கு மேலால் தூக்கிப் புரட்டியதும் இதே ஆள்தான். பிறகு மவுசு குறைந்து, 30 வருடங்களுக்கு மேல் தபால் கந்தோரில் வேலை செய்தார். எண்பதுகளில் இளம் பிள்ளைகள் தேடிப் போய்க் கண்டுபிடித்து "எங்களுக்குப் படிப்பியுங்கள்" என்று கேட்க, உலகம் முழுக்கப் போய்ப் படிப்பித்து, 2009இல் 94 வயதில் காலமானார். விறைப்பு என்று தாய் சொன்ன உடம்பு அது, கவனியுங்கள்.

இடமும் பாணியைச் செய்யும். ஆர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் நகர நடுவில் நெரிசலான கிளப்புகளில் டாங்கோ ஆடியவர்கள் சின்னச் சின்ன அடி வைத்து, நெஞ்சோடு நெஞ்சாக நின்று ஆடினார்கள். புறநகரில் பெரிய மண்டபம் கிடைத்தவர்கள் நீட்டி நடந்தார்கள். இரண்டும் இரண்டு பாணியாகிவிட்டது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, நிலத்தின் அளவு தீர்மானித்தது. டாங்கோவில் கார்லோஸ் கவிட்டோ என்று ஒருவர், 2005இல் இறந்துபோனார், அவரைப் பற்றிக் கதைக்கிறவர்கள் அவர் போட்ட அடியைச் சொல்லமாட்டார்கள், அடி போடாமல் நின்ற நேரத்தைத்தான் சொல்லுவார்கள். இசை ஓடிக்கொண்டிருக்கும், இவர் ஜோடியோடு சாய்ந்தபடி அப்படியே நிற்பார். நிற்பதும் நடைதான்.

என்னுடைய கதை அவ்வளவு பெரிசு இல்லை. நான் இருப்பது மாடிக் குடியிருப்பில் மூன்றாம் தட்டு. ஹோலில் சாப்பாட்டு மேசையைத் தள்ளினால் பத்தடிக்குப் பத்தடி இடம் கிடைக்கும். ஆடத் தொடங்கின காலத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பழகுவேன், கீழ்வீட்டு அன்ரி தும்புத்தடியால் சீலிங்கைத் தட்டுவார். வேறு வழியில்லாமல் சத்தம் வராமல் கால் வைக்கப் பழகினேன்: முன்பாதம் முதலில், பாரம் மெதுவாக, குதி கடைசியில் ஒரு பேப்பர் விழுகிற மாதிரி. இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு சோஷலில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் "உங்கள் பாதம் பூனைப் பாதம், எந்த மாஸ்டரிடம் படித்தீர்கள்?" என்று கேட்டார். கீழ்வீட்டு அன்ரியிடம் என்று சொன்னேன், விளங்காமல் சிரித்தார். போன மாதம் லிஃப்டில் அன்ரி கேட்கிறார், "பிள்ளை, இப்ப ஆடுறதில்லையோ?" ஒவ்வொரு இரவும் ஆடுகிறேன். சொல்லவில்லை.

அதேபோல் என் வலது முழங்கால். 45 வயதில் பிரச்சினை கொடுக்கத் தொடங்கியது, ஒற்றைக் காலில் இரண்டு சுற்று மூன்று சுற்று என்று சுழல முடியாது. ஒரு வருடம் அழாக்குறையாகத் திரிந்தேன். பிறகு சுழல்வதற்குப் பதிலாக நடந்து திரும்பத் தொடங்கினேன், லீட் பண்ணுபவர் ஒரு டேர்ன் கேட்டால் மூன்று அடியில் நடந்து சுற்றி அதே எண்ணிக்கையில் முன்னால் வந்து நிற்பேன். இப்போது இளம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், முழங்கால் நன்றாக உள்ளவர்கள், அதைப் பார்த்துச் செய்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, படிப்பிப்பது எப்படி? அந்த ஐயாவின் கேள்வி அதுதானே. இதற்கு நாங்கள் வெளிநாட்டில் தேடத் தேவையில்லை, எங்கள் வீட்டுக்குள்ளேயே பதில் இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்கிறோம். பாடகர் மேடையில் அந்த நேரத்தில் நினைத்துப் பாடுவது, ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம் எல்லாம் அதில்தான் சேரும். அது தானாக வரும் என்று எந்தக் குருவும் கையை விரிப்பதில்லை. கற்பனாஸ்வரம் சொல்லித் தருகிற விதத்தைப் பாருங்கள். குரு ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, பாடுவார், பிள்ளை ஒரு ஆவர்த்தனம் பதில் பாட வேண்டும். முதலில் சின்னதாக, இரண்டு மூன்று ஸ்வரத்துக்குள்ளேயே. என்ன பாடினாலும் எடுப்புக்கு, பாட்டின் வரி தொடங்குகிற இடத்துக்கு, சரியாக வந்து விழ வேண்டும். விழுந்தால் போதும், அழகு பிறகு. வேலி நெருக்கமாக இருப்பதால்தான் பிள்ளைக்குப் பயம் இல்லை. மெல்ல மெல்ல வேலியைத் தள்ளிப் போடுவார்கள். பிறகு ஒருநாள் பிள்ளை குரு பாடாத ஒன்றைப் பாடும், குரு தலையை ஆட்டுவார். எனக்குச் சின்ன வயதில் இரண்டு வருடம் பாட்டு வகுப்புக்குப் போன பழக்கம் உண்டு, பாடகி ஆகவில்லை, ஆனால் அந்த முறை மட்டும் மனதில் தங்கிவிட்டது.

இதை அப்படியே சல்சாவுக்குக் கொண்டுவந்தோம். சல்சாவை எட்டு எண்ணி ஆடுவோம், ஒன்று இரண்டு மூன்று அடி, நாலில் இடைவெளி, ஐந்து ஆறு ஏழு அடி, எட்டில் இடைவெளி. (ஆதி தாளத்தின் எட்டும் இந்த எட்டும் ஒன்றில்லை, இது நாலு நாலாக இரண்டு கட்டு. ஆனாலும் தொடையில் தாளம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு இது கெதியாகப் பிடிபடும்.) நான் ஒரு எட்டு ஆடுவேன், எதிரில் நிற்கிற பிள்ளை ஒரு எட்டில் பதில் ஆட வேண்டும். நிபந்தனை இரண்டே இரண்டு: நான் ஆடியதையே ஆடக் கூடாது, அடுத்த ஒன்றுக்குக் கால் சரியாக வந்து நிற்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுவோம், கை இருந்தால் எல்லோரும் மயிரைக் கோதப் பார்ப்பார்கள். முதல் நாள் வெட்கம், சிரிப்பு, ஸ்தம்பிதம். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் நாலாவது எண்ணிக்கையின் வெறுமைக்குள் ஒரு சின்னத் தட்டு வைப்பார், எல்லோரும் ‘ஆ’ என்பார்கள். அது அவருடையது. அதை நான் படிப்பிக்கவில்லை, அது வருவதற்கு இடத்தைத் துப்புரவாக்கி வைத்தது மட்டும்தான் என் வேலை.

அதற்குப் பிறகு காதைத் திறக்க வேண்டும். இங்கே பலர் பாட்டைக் கேட்பதில்லை, எண்ணிக்கையை மட்டும் கேட்கிறார்கள். ஒரு பாட்டு முழுக்கப் பேசிக் ஸ்டெப் மட்டும், ஒரு டேர்ன்கூட இல்லாமல், ஒரே ஒரு வாத்தியத்தைக் கேட்டபடி ஆடச் சொல்லுவோம். முதலில் மணி. அது அடி ஒவ்வொன்றையும் உறுதியாக வைக்கச் சொல்லும். அதே பாட்டைத் திரும்பப் போட்டுக் கொங்கா மேளத்தைக் கேட்டு ஆடினால் இடுப்பு தானாக இளகும், பியானோவைக் கேட்டால் கால் சின்னதாகிவிடும். கிளாவே என்று இரண்டு தடி தட்டுகிற சத்தம், ஒரு பாதியில் மூன்று தட்டு மற்றப் பாதியில் இரண்டு தட்டு, மொத்தம் ஐந்து. அது எல்லாப் பாட்டிலும் காதுக்குக் கேட்காது, ஆனால் மற்ற வாத்தியமெல்லாம் அதைச் சுற்றித்தான் நிற்கும். ஒரே பிள்ளை, ஒரே ஸ்டெப், நாலு விதமாக ஆடும். எது உனக்குச் சுகமாக இருந்தது என்று கேட்போம். அந்தச் சுகத்தில்தான் பாணியின் தொடக்கம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒருவருக்கு மேளம், ஒருவருக்கு ட்ரம்பெட், எனக்கு எப்போதும் பேஸ் என்ற தாழ்ந்த சுருதி வாத்தியம், முதல் எண்ணிக்கையில் விழாமல் அதற்கு முந்தி விழுகிற அந்தக் குறும்புக்காக.

பார்த்துச் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. என் அப்பா வானொலியில் தவில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் "இது யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி" என்று சொல்லிவிடுவார். அந்தத் தெட்சணாமூர்த்தியும் யாரிடமோ பாடம் கேட்டுத்தான் வந்தவர். பரதத்தில் பந்தநல்லூர்ப் பாணி, வழுவூர்ப் பாணி என்று சொல்வது ஊர்ப் பெயரால் வந்த ஒரு குருவழியின் பெயர், அதற்குள் ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் தனி நடை. பிரச்சினை ஒரே ஆளைப் பார்ப்பதில்தான். யூடியூபில் ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய கைவிரல் மடிப்புவரை செய்தால் போட்டோக் கொப்பிதான் வரும், அதுவும் மை குறைந்த கொப்பி. மூன்று பேரைப் பாருங்கள், ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று பேர். ஒவ்வொருவரையும் ஒரு மாதம் அச்சொட்டாகச் செய்யுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எது உடம்பில் மிச்சம் இருக்கிறதோ அது உங்களுடையது.

பாடத்திட்டத்துக்கும் நான் எதிரி இல்லை. எங்கள் ஆட்களுக்கு வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை மாதிரித் தரம் ஒன்று, தரம் இரண்டு என்று இருந்தால்தான் நிம்மதி. இங்கிலாந்தில் பால்ரூம் ஆசிரியர்கள் 1920களில் கூடி, ஃபொக்ஸ்ட்ரொட்டுக்கு இந்தக் கால், வால்ட்ஸுக்கு இந்தக் கால் என்று ஒழுங்குபடுத்தினார்கள், நடன ஆசிரியர்களின் சங்கமான இம்பீரியல் சொசைட்டி 1924இல் பால்ரூமுக்கென்றே ஒரு கிளை தொடங்கியது. அதன் நன்மை பெரிது: கொழும்பில் படித்தவர் டோக்கியோவில் போய் முகம் தெரியாதவரோடு ஆடலாம். பொது இலக்கணம் இல்லாமல் தனி நடை எங்கிருந்து வரும்? இலக்கணம் முடிந்த இடத்தோடு பாடமும் முடிந்தது என்று வாத்தியார் நினைப்பதுதான் பிழை.

பிழை எது, பாணி எது என்று எப்படிப் பிரிப்பது? என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். "இது என் ஸ்டைல்" என்று சொல்லிப் பிழையை மறைக்கிறவர்கள் எங்கள் சோஷலில் தாராளம், முக்கியமாக லீட் பண்ணுகிற ஆண்கள், கோபிக்க வேண்டாம். நான் வைத்திருக்கிற சோதனை இது: அதைச் செய்யாமல் ஒரு பாட்டு ஆடிக்காட்டு. முடிந்தால் அது உன் பாணி. முடியாவிட்டால் அது பழக்கதோஷம். மூன்றாவது அடியை இழுக்கிற பிள்ளையால் இழுக்காமலும் ஆட முடிய வேண்டும். அதோடு ஜோடியிடமும் கேட்க வேண்டும். நீ செய்கிற அலங்காரத்தால் எதிரில் நிற்கிறவரின் பாரம் தளம்புகிறதா, நேரம் தவறுகிறதா, அவருடைய கை இழுபடுகிறதா? அப்படியென்றால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது பிழை. பிடித்திருக்கிற கை ஜோடிக்குச் சொந்தம், சும்மா இருக்கிற கைதான் உனக்கு. நான் எல்லோரையும் மற்றப் பக்கமும் படிக்கச் சொல்லுவேன், லீட் பண்ணுகிறவர் ஒரு மாதம் ஃபொலோ பண்ண வேண்டும். தன்னுடைய ‘ஸ்டைல்’ எதிர்ப்பக்கத்தில் எப்படி வலிக்கிறது என்று அப்போது தெரியும். ஒரு தம்பி, நல்ல ஆட்டக்காரர், ஒரு பின்னேரம் ஃபொலோ பண்ணிவிட்டு வந்து, "அக்கா, நான் இவ்வளவு நாளாக ஆட்களின் தோள்மூட்டைக் கழற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து அவருடைய ஆட்டம் வேறு.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெண்களுக்குப் பாணி என்றால் கவர்ச்சி என்று ஒரு எண்ணம் இங்கே வகுப்புகளில் ஊறிப்போய் இருக்கிறது. பச்சாட்டாவில் அது இன்னும் மோசம். டொமினிக்கன் குடியரசின் சாதாரணச் சனங்கள் முற்றத்தில் ஆடிய நடனம் அது, 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அங்குள்ளவர்கள் ஆடுவதைப் பார்த்தால் துள்ளலும் காலடி வேலையும்தான் கண்ணில் படும். இங்கே அதை இறுகக் கட்டிப்பிடித்து வளைகிற நடனமாக மட்டும் சொல்லித் தருகிறார்கள். எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளை, இருபத்திமூன்று வயது இருக்கும், வேறொரு இடத்தில் "உன்னிடம் ஃபீலிங் இல்லை, உடம்பைத் திற" என்று எல்லோர் முன்னிலும் சொன்னதால் அழுதுவிட்டு அங்கே போவதை விட்டவள். அவள் ஆடியதை நான் பார்த்தேன். மேல் உடம்பு அசையாது, ஒரு கையளவு இடைவெளி விட்டுத்தான் நிற்பாள், ஆனால் கீழே கால் இரண்டும் பாட்டில் ஒரு நொடியைத் தவறவிடாது. அந்த அசையாமையால்தான் காலடி தெளிவாகத் தெரிகிறது! அவளிடம் ஒன்றும் திருத்தவில்லை. "உன் இடைவெளியை நீ வைத்துக்கொள், அதை லீட் பண்ணுகிறவருக்குக் கையால் தெளிவாகச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன். விருப்பமில்லாததைச் செய்யாமல் விடுவதும் ஒருவருடைய பாணிக்குள் அடங்கும். இதை எந்த ஸ்டைலிங் வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

வீடியோ எடுத்துப் பார்ப்பது நல்லது. இணையத்தில் போடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. அவ்வளவுதான் அதைப் பற்றி.

கடைசியாக அந்த ஐயாவுக்கு. காசு கட்டுவதை நிறுத்த வேண்டாம், இரண்டு வருடம் என்பது அடிப்படை கால்களில் இறங்குகிற நேரம், இப்போது நிறுத்தினால் நட்டம் உங்களுக்குத்தான். ஆனால் அடுத்த மாதக் காசோடு மகளை மாஸ்டரிடம் ஒரு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். "பாணியை எப்படி வளர்ப்பது" என்று கேட்க வேண்டாம், அதற்கு அதே பதில்தான் வரும். "நான் ஆடும்போது நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்கட்டும். நல்லது, கூடாது என்று இல்லாமல், காலை எங்கே வைக்கிறேன், எதைப் பிந்துகிறேன், எந்த வாத்தியத்தோடு போகிறேன் என்று. அதற்கு அவர் ஐந்து நிமிடம் நின்று பதில் சொன்னால் அது நல்ல இடம். சொல்ல முடியாவிட்டால் அவர் இந்த இரண்டு வருடத்தில் உங்கள் மகளைப் பார்க்கவே இல்லை, தன்னைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். அப்படியானால் வேறு வகுப்புப் பாருங்கள், கொழும்பில் இப்போது தெரிவுக்குக் குறைவில்லை.

அப்புறம், நீங்களும் ஒருநாள் போய் ஒரு சோஷலில் கதிரையில் இருந்து பாருங்கள். ஒருத்தரும் உங்களை ஆடச் சொல்லிக் கரைச்சல் கொடுக்கமாட்டார்கள். பைலாப் பாட்டு ஏதும் போட்டால் மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.